இடது விளக்கு மட்டும் எரிந்த பஸ்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. வேலையில் இருந்தவரை எழுதியது என் பெயரும், பிறந்த பிள்ளை ஆணா பெண்ணா என்பதும்தான். மறதியும் வந்துவிட்டது. காலையில் நினைத்ததைச் சாயங்காலம் எழுத உட்கார்ந்தால் வேறு ஏதோ வந்து நிற்கிறது. முன்பின்னாக இருந்தால் வாசிக்கிறவர்கள் நேராக்கிக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சுப் பெண்கள். ஊர் ஊராகப் போய்வர இப்போது அவர்களுக்கு மொபெட் கொடுக்கிறார்களாம். "பெரியம்மா, நீங்க அந்தக் காலத்துலயே டாக்டரோட மோட்டார் சைக்கிள்ல பிரசவம் பாக்கப் போனீங்களாமே. எங்க நர்சு சங்கத்து மலர்ல போடணும், எழுதிக் குடுங்க" என்றார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. எழுத்து வேறயா, வேண்டாம் தாயி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் போன வெள்ளிக்கிழமை அதில் ஒரு பெண் திருக்கோகர்ணத்தில் என் வீட்டுக்கு வந்தாள். பொழுது சாய்ந்து, ஆள் முகம் தெரியாத நேரம். மொபெட்டில் விளக்குப் போடாமல் வருகிறாள். ஏன் தாயி என்று கேட்டேன். "ரோடு நல்லாத் தெரியுது பெரியம்மா, எதுக்கு?" என்று சிரித்தாள். அவள் போனபிறகு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன், விளக்கு எரிகிறதா என்று. இன்றைக்கும் அப்படித்தான். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் ரங்கூனுக்குப் போய்க் காய்ச்சலில் போய்விட்டார். டவுன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைக் கழுவ வந்தேன். அங்கிருந்த லேடி டாக்டர் கையைப் பிடித்துப் பழக்கி, மருத்துவச்சி என்று சர்டிபிகேட்டும் வாங்கிக் கொடுத்தார். கறம்பக்குடிப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஜப்பான்காரனோடு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம்.

அங்கிருந்த டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லி. நின்ற இடத்தில் நிற்கமாட்டார். எதைச் சொன்னாலும் "ம், அப்பறம்?" என்பார். வயிறு வலிக்குதுய்யா என்றாலும் "ம், அப்பறம்?" மாமியா திட்டுதுய்யா என்றாலும் அதே "ம், அப்பறம்?" சீக்காளிகள் சொல்லவந்ததை மறந்து வீட்டுக் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர் மோட்டார் சைக்கிளுக்கு இடது பக்கம் ஒரு தொட்டி சேர்த்திருக்கும். ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் அதில்தான் போவேன். முந்தானையால் தலையையும் முகத்தையும் மூடிக்கொள்வேன். அப்படியும் விடமாட்டார்கள். நாற்று நடுகிற பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்து, "அந்தா பாருங்கடி, அஞ்சலைய தொட்டியில வச்சுக் கொண்டு போறாரு. முங்கிக் குளிக்கப் போறா!" என்று கத்துவார்கள். அஞ்சலை நான்தான். எனக்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போல இருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் டாக்டர் விளக்கைப் பார்க்கிற விதம் ஒன்று உண்டு. மற்ற எதிலும் அவசரம்தான், இதில் மட்டும் அவசரம் கிடையாது. சீமெண்ணெய் தொட்ட துணியால் விளக்குக் கண்ணாடியைத் துடைப்பார். மழைக்காலத்தில் ஈசல் செத்து ஒட்டியிருக்கும், அதை நகத்தால் சுரண்டுவார். பிறகு வண்டியை ஆஸ்பத்திரிச் சுவருக்கு நேரே நிறுத்துவார். சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார். வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழே விழவேண்டும். மேலே ஏறினால் எதிரே வருகிற மாட்டுக் கண்ணில் அடித்து, மாடு மிரண்டு வண்டியோடு வயலுக்குள் இறங்கிவிடும் என்பார். ரொம்பக் கீழே போனாலும் விடமாட்டார், திருகாணியைத் திருகித் திருகிச் சரிசெய்வார். கடைசியாக என்னை ரோட்டில் புளியமரத்துப் பக்கம் போய் நிற்கச் சொல்லி, "தெரியுதா?" என்று கத்துவார். தெரியுதுய்யா என்று கத்த எனக்கு வெட்கம். கையை மட்டும் தூக்கிக் காட்டுவேன்.

வெயில் தாழ்ந்ததுமே விளக்கைப் போட்டுவிடுவார். வழியில் போகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"டாக்டரய்யா, வெளக்கு எரியுது! பகல்லயே எரியுது!"

"எரியட்டும்யா. நான் ரோட்டப் பாக்கறதுக்கு இல்ல. நீ என்னையப் பாக்கறதுக்கு."

"ஒங்க வண்டிச் சத்தந்தான் ஊருக்கே கேக்குதே!"

"ஒனக்குக் கேக்குது. காருக்காரனுக்கு அவன் வண்டிச் சத்தமே காதை அடைச்சிருக்கும். என் சத்தம் எங்க கேக்கப்போவுது?"

தொட்டிக்கும் தனியாக ஒரு சின்ன விளக்கு இருந்தது. எதிரே வருகிறவனுக்கு வண்டி எவ்வளவு அகலம் என்று தெரிவதற்கு அதுதான். ஒரு மாடு உதைத்து அது நொறுங்கிவிட்டது. சண்டைக் காலம், சாமான் கிடைக்காது. அதற்குப் பதிலாகத் தொட்டி மூக்கில் டாக்டர் சுண்ணாம்பு பூசி வைப்பார். மழை பெய்தால் கரைந்துவிடும், மறுபடி பூசுவார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் கை இழுக்கிறது, எழுதவும் வரமாட்டேன் என்கிறது.

ஐப்பசி மழை விட்டிருந்தது. கறம்பக்குடிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் இருந்து ஆள் வந்தது. செல்லாயி என்று தலைப்பிரசவக்காரி. முந்தின நாளே வலி வந்து, காலையில் இருந்து பிள்ளையின் கை மட்டும் வெளியே வந்து நிற்கிறதாம். டாக்டர் சுவர்க் கோட்டைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். சுண்ணாம்பு கரைந்திருந்தது. அதற்கு மட்டும் நிற்கவில்லை, கிளம்பிவிட்டோம்.

அந்தக் காலத்தில் பிரசவ வீட்டுக்குள் ஆம்பளை டாக்டரை விடமாட்டார்கள். அவர் கதவுக்கு வெளியே நின்று கேட்பார், நான் உள்ளே இருந்து சொல்லவேண்டும். என் கைதான் அவருக்குக் கண். உள்ளே செல்லாயி வெளுத்துப்போய்க் கிடந்தாள். அவள் புருஷன் மலேயாவில், சண்டை வந்ததில் இருந்து தகவல் இல்லை. மாமியார்க்கார ஆத்தா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது.

"கை எப்படி இருக்கு?" என்றார் வெளியே இருந்து.

"நீலமா வீங்கியிருக்குய்யா."

"இழுத்துக் கிழுத்துப் பாத்தாங்களா?"

ஆத்தாவைப் பார்த்தேன். "ஊரு மருத்துவச்சி லேசாத் தொட்டுப் பாத்தா" என்றது. லேசாக என்று நான் சொல்லவில்லை, தொட்டாங்களாம்ய்யா என்றேன்.

"இனிமே யாரும் இழுக்கக் கூடாது. உள்ளங்கையில ஒன் விரல வை. பிடிக்குதா?"

வைத்தேன். அந்தச் சின்ன விரல்கள் என் விரலைப் பிடித்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "பிடிக்குதுய்யா."

"குழல வை."

மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். கேட்டது. ஓடி ஓடிக் களைத்தவன் மாதிரிக் கேட்டது. அதையும் சொன்னேன். டாக்டர், "குறுக்காக் கிடக்கு. இங்க ஒண்ணும் செய்ய முடியாது. டவுனுக்குக் கொண்டுபோகணும்" என்றார்.

மாட்டு வண்டி என்றால் விடிந்துவிடும். கடைசி பஸ் டவுனுக்குப் போயாகிவிட்டது. தொட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொன்னதும் ஆத்தா எழுந்துவிட்டது.

"எங்க வீட்டுப் பொண்ணு அந்தத் தொட்டியிலயா? ஊரு சிரிக்கும்."

"ஊரு அழுவறதுக்குப் பதிலா சிரிக்கட்டும்" என்றார் டாக்டர்.

ஆத்தா என்னிடம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. "கொண்டுபோறவ நீதான் தாயி. கொண்டாந்து விடுறவளும் நீயா இரு." சரி என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்ல?

தொட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே தலையணையும் பழைய சேலையும் போட்டு, செல்லாயியை ஒருக்களித்துச் சாய்த்தோம். பிள்ளையின் கையைச் சுத்தத் துணியில் சுற்றினேன். தொட்டியில் அவள் இருந்ததால் நான் டாக்டருக்குப் பின்னால்தான் உட்காரவேண்டும். ஒரு ஆம்பளைக்குப் பின்னால் அப்படி உட்கார்ந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. ஊரே வாசலில் நின்று பார்த்தது. வெட்கப்பட அன்றைக்கு நேரமில்லை.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கப்பி ரோடு, பள்ளத்தில் எல்லாம் தண்ணீர். இரண்டு பக்கமும் தவளைச் சத்தம். குலுங்கக் கூடாதென்று டாக்டர் மெதுவாக ஓட்டினார். செல்லாயி அவ்வப்போது "அம்மா" என்பாள், நான் குனிந்து அவள் தோளைத் தொட்டுக்கொள்வேன். ஒரு கண்மாயைத் தாண்டினோம். அடுத்த கண்மாய்க் கரைமேல் ஏறும்போது எதிரே ஒரு விளக்கு வந்தது.

ரோட்டில் விளக்கை வைத்துத்தான் வண்டியைக் கண்டுபிடிப்பது. ஜோடியாக வந்தால் காரு, பஸ்ஸு, லாரி. மங்கலாக ஆடி ஆடி வந்தால் மாட்டு வண்டி. ஒற்றையாகப் பளிச்சென்று வந்தால் மோட்டார் சைக்கிள். டாக்டர் பின்னால் திரும்பாமல், "எதிர்ல நம்மள மாதிரி ஒருத்தன் வர்றான் அஞ்சலை" என்றார். சந்தோஷமாகவே சொன்னார். அந்த விளக்குக்கு இடது பக்கமாக, தாராளமாக இடம் இருக்கிறதென்று ஓட்டிக்கொண்டு போனார்.

கிட்டத்தில் வந்தபிறகுதான் அந்த விளக்குக்கு இந்தப் பக்கம் இருட்டு ஒன்று பெரிதாக வருவது தெரிந்தது. பஸ். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓட்டிய கரி பஸ். வலது விளக்கு எரியவில்லை, நாங்கள் போன பக்கம் முழுக்கப் பஸ்ஸின் உடம்பு.

டாக்டர் இடது பக்கம் ஒடித்தார். பஸ்ஸின் மட்கார்டு எங்கள் விளக்கை உரசிக்கொண்டு போனது. கண்ணாடி சிதறியது. தொட்டியின் சக்கரம் கரைச் சரிவில் இறங்கி ஒரு காட்டாமணக்குப் புதரில் மாட்டி நின்றது. நான் ரோட்டில் விழுந்திருந்தேன். முழங்கை எரிந்தது. எழுந்து ஓடிப்போய்த் தொட்டிக்குள் பார்த்தேன். செல்லாயி விழவில்லை. கண்ணை விரித்து என்னைப் பார்த்தாள்.

பஸ் தள்ளிப்போய் நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார். மாயழகு என்று பெயர், அந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரிந்தவர்.

"டாக்டரய்யா! நீங்களா சாமி! மோட்டார் சைக்கிளுதானேன்னு வந்தேன், ஒதுங்கிக்குவாருன்னு. தொட்டி இருக்கறது தெரியலையே சாமி!"

"ஒன் வலது வெளக்கு எங்கய்யா?"

"பல்பு போச்சுங்க. எங்கயும் கிடைக்கல. இருந்த ஒண்ண இடது பக்கம் மாட்டியிருக்கேன்."

"எதுக்கு இடது பக்கம்?"

"எங்க ஆளுக எல்லாரும் அப்படித்தாங்க மாட்டுவோம். பள்ளம், வாய்க்கா, மாடு எல்லாம் இடது பக்கந்தான இருக்கு? வலது பக்கம் என்ன இருக்கு, வெறும் ரோடுதான?"

"வலது பக்கம் நான் இருக்கேன்யா!" என்று கத்தினார் டாக்டர். அவர் கோபத்தில் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்புறம் தணிந்துபோய், "நீ பள்ளத்தப் பாத்த. நான் ஒன் பஸ்ஸப் பாக்கல. என் தொட்டிக்கும் வெளக்கு இல்ல, சுண்ணாம்பும் இல்ல. ரெண்டு பேரும் பாதி ஒடம்ப மறைச்சுக்கிட்டு வந்திருக்கோம்" என்றார்.

மாயழகு அப்போதுதான் தொட்டிக்குள் பார்த்தார். "ஐயோ, புள்ளத்தாச்சியா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

எங்கள் வண்டியில் இப்போது விளக்கு இல்லை. நன்றாக இருட்டிவிட்டது. செல்லாயியைப் பஸ்ஸுக்குத் தூக்கி ஏற்றலாமா என்று யாரோ கேட்டார்கள். படியில் ஏற்றி மடக்கி வைத்தால் தாங்கமாட்டாள் என்றார் டாக்டர். மாயழகு யாரையும் கேட்கவில்லை. "நான் திருப்பிக்கிட்டு வந்து பின்னாடியே வாரேன் சாமி. என் வெளிச்சத்துல நீங்க போங்க" என்று பஸ்ஸில் ஏறிவிட்டார். உள்ளே இருந்து சந்தைக்குப் போய்வந்த ஒரு அம்மா, "ஏப்பா மாயழகு, டவுனுக்கா திருப்புற? எங்க ஆட்டுக்கு ஒங்கப்பனா கொழை ஒடிச்சுப் போடுவாரு?" என்றது. கீழே இறங்கிவந்து தொட்டியைப் பார்த்தது. பார்த்ததும் தன் தோள் துண்டை எடுத்துச் செல்லாயி காலில் போர்த்திவிட்டு, "சீக்கிரம் திருப்புடா, நிக்கிறியே" என்று டிரைவரையே திட்டியது.

ஆம்பளைகள் தொட்டியைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். அவர்கள் விலகிப்போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பதற்குள் பஸ்ஸும் வந்து பின்னால் நின்றுவிட்டது. குழலை எடுத்துச் செல்லாயி வயிற்றில் வைத்தேன். பஸ் இரைச்சல்தான் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. துணியை விலக்கி அந்தக் கைக்குள் விரல் வைத்தேன். பிடித்த மாதிரியும் இருந்தது, பிடிக்காத மாதிரியும் இருந்தது.

"பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுங்கய்யா, ஒண்ணும் கேக்கல" என்றேன்.

மாயழகு பதறினார். "நிப்பாட்டினா கரிக்கு மறுபடி காத்தடிச்சுக் கிளப்பணுங்க. நாழியாகும். சமயத்துல கிளம்பவே கிளம்பாது. வெளக்கும் போயிரும்."

டாக்டர் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "வேணாம் அஞ்சலை. துடிச்சாலும் போகணும், துடிக்கலேன்னாலும் இவளுக்காகப் போகணும். ஏறு."

மாயழகு கரி கிளறும்போது பிடிக்கிற அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். டாக்டர் சொன்னார், அதை வலது பக்கம் கையை நீட்டிப் பிடிக்கவேண்டும். முன்னால் பிடித்தால் அவர் கண் கூசும். தாழப் பிடித்தால் எதிரே வருகிறவனுக்குத் தெரியாது. எங்கள் வண்டி இதுவரைக்கும் இருக்கிறது என்று அவனுக்குக் காட்டுவதுதான் அந்த விளக்கின் வேலை.

அப்படியே போனோம். ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டிக்கொண்டு. தோள் கழன்றுவிடும்போல வலித்தது. தலையில் முந்தானை நிற்கவில்லை, அவிழ்ந்து காற்றில் பறந்தது. அதை இழுத்துவிட எனக்கு மூன்றாவது கை ஏது? நடுவில் எதிரே பட்டாள லாரி ஒன்று வந்தது. இரண்டு விளக்கும் கண்ணைக் குத்தின. விளக்கை இன்னும் தள்ளி நீட்டினேன். லாரி ஒதுங்கியது. ஒதுங்கும்போது அந்த டிரைவர் என்னமோ ஒரு பாஷையில் வைதுவிட்டுப் போனான். வையட்டும், பார்த்துவிட்டான் அல்லவா என்று இருந்தது. இன்னொரு கண்மாய் தாண்டி, டவுன் விளக்குகள் தெரிந்தன.

ஆஸ்பத்திரியில் செல்லாயியை உள்ளே எடுத்துப் போனார்கள். செல்லாயி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. எடுக்கும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

மறுநாள் செல்லாயிக்கு நினைவு தெளிந்ததும் என்னைத்தான் கேட்டாள். பிள்ளை போனதை அதற்குள் சொல்லியிருந்தார்கள். அழுகை இல்லாமல் பேசினாள்.

"அக்கா, வழியில ஒரு எடத்துல நல்லா ஒதைச்சுதுக்கா. தவளை கத்துச்சு பாருங்க, அங்க. அதுக்கப்பறம் ஒதைக்கல. அது எந்த எடம்? பஸ்ஸு வாரதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அந்த ரோட்டில் மூன்று கண்மாய். அன்றைக்கு எல்லாவற்றிலும் தவளை கத்தியது. எனக்குத் தெரியல தாயி என்றேன்.

வெளியே வந்தால் கேட் பக்கம் மாயழகு நிற்கிறார். ராத்திரி வந்தவர் ஊருக்குப் போகவே இல்லை. டாக்டரும் வந்தார்.

"சாமி, நம்ம பஸ்ஸாலயா?" என்று கேட்டார் மாயழகு.

"இல்ல" என்றார் டாக்டர். "கை வெளிய வந்து காலையில இருந்து கிடந்த பிள்ள. ஒன் பஸ்ஸால இல்ல."

"எனக்காகச் சொல்லாதீங்க சாமி."

டாக்டர் உள்ளே போய்விட்டார். மாயழகு பஸ்ஸுக்குப் போய், இடது விளக்கைக் கழற்றி அந்தப் பல்பை வலது பக்கம் மாட்டினார். ஒரு தடவை கீழே விடப் பார்த்தார். அந்த ரோட்டில் மற்ற டிரைவர்கள் அவரைக் கேலி பண்ணினார்கள், பள்ளத்தைப் பார்க்காமல் எப்படி ஓட்டுவாய் என்று. "மெதுவா ஓட்டுவேன்" என்பாராம். ஒவ்வொருவராக அவர்களும் மாற்றிக்கொண்டார்கள் என்று கேள்வி. வருஷக்கணக்காக என்னை எங்கே பார்த்தாலும் பஸ்ஸை நிறுத்துவார். ஏதாவது கேட்கப்போகிற மாதிரி பார்ப்பார். கேட்கமாட்டார், போய்விடுவார்.

பல்பை மாற்றியது மறுநாள் காலையிலா சாயங்காலமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அது போகட்டும். படித்த டாக்டரம்மாக்கள் யாராவது இந்த மலரை வாசித்தால், எனக்கு ஒன்றை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள். காலையில் இருந்து கை வெளியே கிடந்த பிள்ளை, பொழுது சாயும்போது என் விரலைப் பிடித்த பிள்ளை, அது அந்தக் கரைச் சரிவில் குலுங்கினதால் போயிருக்குமா, இல்லை எந்த வண்டியும் எதிரே வராமல் இருந்திருந்தாலும் போயிருக்குமா? எதுவாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்கள். கறம்பக்குடிப் பக்கம் வேலை பார்க்கிற நர்சுப் பெண் யாராவது, மாயழகு இருக்கிறாரா என்று விசாரித்து, இருந்தால் அவருக்கும் அதைப் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். போகும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள்.